ஆறு கிலோ வஞ்சிரத்துக்கு என்ன வயது இருக்கும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் ஆறு கிலோ வஞ்சிரம் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். விற்றவர் "பத்து வருஷத்து மீனு சார்" என்றாராம். கடலில் தன்பாட்டுக்குத் திரியும் மீனுக்கு எப்படி வயது சொல்கிறார்கள், வருடத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்பதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், பண்ணையில் கொடுவா மளமளவென்று வளர்கிறதே, கடலிலும் அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் மீன். பத்து வயதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வஞ்சிரம் சின்ன வயதில் அசுர வேகத்தில் வளரும். ஓமனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே இனத்தை ஆராய்ந்தவர்கள், இரண்டு வயதை ஒட்டி அது 80 செ.மீ. அளவுக்கு வந்துவிடுவதையும், அதற்குப் பிறகு வேகம் குறைந்து 20 வயது வரைகூட வாழ்வதையும் பார்த்திருக்கிறார்கள். ஆறு கிலோ மீன் என்றால் மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை ஏறக்குறைய 90 செ.மீ. இருக்கும். அதனால் இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் என்பேன். பெண் மீனாக இருந்தால் இன்னும் இளசு, ஏனென்றால் இந்த இனத்தில் பெண்தான் வேகமாகவும் பெரிதாகவும் வளரும். வயிற்றில் சினை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை.

விற்றவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். மூன்று கிலோ மீனுக்கு ஒரு வயது வைத்தால் ஆறு கிலோவுக்கு அதைப்போல இரண்டு மடங்கு என்று எல்லோரும்தான் நினைக்கிறோம். எடை நீளத்தோடு நேர்கோட்டில் போகாது, ஏறக்குறைய நீளத்தின் மூன்றாம் படியில் போகும். நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு. எடை இரட்டிக்க நீளம் கால் பங்கு கூடினாலே போதும். நல்ல தீனி கிடைக்கும் இளம் வஞ்சிரத்துக்கு அது சில மாத வேலை.

அப்படியானால் நீளத்தை வைத்து வயது சொல்லலாமா? இளம் மீனுக்குச் சொல்லலாம். முதிர்ந்த மீனுக்குச் சொல்ல முடியாது. இந்தத் துறையில் நடக்கும் பாதிச் சண்டை இதைச் சுற்றித்தான்.

நீளத்தை வைத்து வளர்ச்சியைக் கணிக்கும் வழியை டென்மார்க்கின் பீட்டர்சன் 1890களில் தொடங்கிவைத்தார். இன்றும் நம் கடற்கரைகளில் அதிகம் புழங்குவது அதன் வாரிசுகள்தான். காசிமேட்டில் விடியற்காலை கையில் அளவுப் பலகையும் நோட்டும் வைத்துக்கொண்டு கூடைகளுக்கு நடுவே குனிந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நாடு முழுக்க மீன் இறங்குதளங்களில் இப்படி மாதிரி எடுக்கிறது. ஒரு கானாங்கெளுத்திக் கூட்டத்தை ஜனவரியில் அளக்கிறீர்கள் என்று வையுங்கள். எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று வரைந்தால் 12 செ.மீ. பக்கம் ஒரு மேடு எழும். அது ஒரே காலத்தில் பொரித்த குஞ்சுகளின் கூட்டம். பிப்ரவரியில் அதே மேடு 13.5-க்கு நகரும், மார்ச்சில் 15-க்கு. மேடு மாதத்துக்கு ஒன்றரை செ.மீ. நகர்கிறது என்றால் அந்தக் கூட்டத்தின் வளர்ச்சி அவ்வளவு. மீனை வெட்ட வேண்டாம், வாங்கவும் வேண்டாம், ஏலம் போவதற்குள் அளந்துவிட்டால் போதும். இதைவிட மலிவான வழி கிடையாது. ஒரு மீன்கார அக்கா, "இதுக்கு வயசு பாக்கறியா? மீனு இன்னா ஆதார் கார்டா எடுத்தாந்துச்சு?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மேடு நகர்வதுதான் ஆதார் கார்டு என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க ஏலக்காரர் நேரம் தரவில்லை.

ஆனால் காசிமேட்டில் இதைச் செய்யும்போது எங்கெங்கே சறுக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கூடைக்கு வரும்போதே மீன் தரம் பிரிக்கப்பட்டிருக்கும். பெரியது ஒரு கூடை, நடுத்தரம் ஒரு கூடை, பொடி தனி. அதிகாரிக்குக் கைக்கெட்டியது நடுத்தரக் கூடை என்றால் வரைபடத்தில் அழகான மேடு ஒன்று எழும். அதைக் கடல் எழுப்பவில்லை, படகில் தரம் பிரித்தவர் எழுப்பியிருப்பார். ஆகவே ஒரு படகின் எல்லாக் கூடையிலிருந்தும் எடுத்து, ஒவ்வொரு தரமும் எத்தனை கிலோ இறங்கியது என்று பார்த்து, அந்த விகிதத்தில் பெருக்க வேண்டும். சலிப்பான வேலை. இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

அடுத்தது வலை. செவுள் வலையில் கண் அளவுக்குப் பொருந்தும் மீன்தான் மாட்டும். சின்னது நுழைந்து போய்விடும், பெரியது மூக்கை முட்டித் திரும்பிவிடும். மீன் வளர்ந்தாலும் வளராவிட்டாலும் மேடு அதே இடத்தில் நிற்கும். இழுவைப் படகில் வேறு கதை: வலையின் கடைசிப் பையான மடியின் கண் சிறியது, பொடியெல்லாம் வரும், வேகமாக நீந்தும் பெரியவை தப்பிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகுகள் போய்வரும். அதாவது அந்த இரண்டு மாதத்துக்கு மாதிரி தரும் வலையே மாறிவிடுகிறது. கடைசியாக இடம். காசிமேட்டில் இறங்குவதெல்லாம் காசிமேட்டுக் கடல் மீன் இல்லை. விசைப்படகுகள் ஆந்திரக் கரையோரம் வரை போய்த் தங்கிப் பிடித்துவரும். மார்ச் மாதத்து மேடும் ஜனவரி மேடும் ஒரே கூட்டம்தானா என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது.

இந்த மேடுகளை ஒரு கோட்டில் கோர்க்கும் சூத்திரம் ஃபான் பெர்டலான்ஃபியுடையது, 1930களில் வந்தது. மீன் ஆரம்பத்தில் வேகமாக நீண்டு, போகப்போக வேகம் குறைந்து, ஒரு எல்லை நீளத்தை நெருங்கும், ஆனால் தொடாது என்கிறது அது. அந்த எல்லையை எவ்வளவு சீக்கிரம் நெருங்குகிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு 'கே' என்று பெயர். மீன்வளப் படிப்பு படித்தவர்கள் எந்த மீனைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்பது "கே எவ்வளவு?" என்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. எல்லை நீளம் 30 செ.மீ., கே 1 என்று வையுங்கள். ஒரு வயதில் மீன் 19 செ.மீ., இரண்டு வயதில் 26, மூன்று வயதில் 28.5. இப்போது இதைத் திருப்பிப் போட்டு, நீளத்திலிருந்து வயதைக் கேளுங்கள். 28 செ.மீ. மீனுக்கு 2.7 வயது. 29 செ.மீ. மீனுக்கு 3.4. 29.5 செ.மீ. என்றால் 4.1. ஒன்றரை செ.மீ. வித்தியாசத்துக்குள் ஒன்றரை வருடம் அடங்கிவிட்டது. வாலை ஒழுங்காக விரிக்காமல் அளந்தாலே ஒரு செ.மீ. போய்விடும். ஐஸில் கிடந்த மீன் கொஞ்சம் சுருங்கும். அதுபோக மனிதரில் குட்டையும் நெட்டையும் இருப்பதுபோல மீனிலும் உண்டு: 29 செ.மீ.யோடு நின்றுபோகப் பிறந்த மீனும் 32 வரை போகப் பிறந்த மீனும் ஒரே கூடையில் கிடக்கும். நீளத்தை மட்டும் வைத்து முதிர்ந்த மீனுக்கு வயது சொல்வது ஜோசியம்.

1980களில் டேனியல் பாலி, மேடுகளில் இந்த வளைவைக் கணினியே தேடிப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். எலிஃபன் என்று பெயர். வெப்பமண்டல நாடுகளுக்கு அது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியவர்கள் அதிகம். பழைய மேடுகள் எல்லை நீளத்தை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக நெரிந்து ஒரே மேடாகிவிடும். கணினிக்கு அது ஒரே வயதுக் கூட்டமாகத் தெரியும். விளைவு, மீன் வேகமாக வளர்ந்து சீக்கிரம் செத்துப்போகிறது என்று முடிவு வரும். நீளத்தை வைத்து ஐந்தாறு வயது என்று தீர்மானித்த பல மீன்கள், எலும்பை வெட்டிப் பார்த்தால் அதற்கு மேல் காட்டும். நீளக் கணக்கில் மட்டும் வந்த 'கே' மதிப்பை எங்கே பார்த்தாலும் நான் ஒரு கை குறைத்துத்தான் எடுத்துக்கொள்வேன்.

சரி, வெட்டிப் பார்ப்பது என்றால் எதை? எலும்பு, செதில், முள், செவிக்கல் (உட்காதில் இருக்கும் சின்னக் கல்) என்று மீனுடம்பின் கெட்டியான பாகங்கள் எல்லாம் வளர்ச்சியைப் பதிந்து வைக்கும். 1759லேயே ஸ்வீடனில் ஹெடர்ஸ்ட்ரம் என்ற பாதிரியார் மீனின் முதுகெலும்புக் கணுக்களில் வளையம் எண்ணி வயது சொன்னார். 1890களின் கடைசியில் ஜெர்மனியில் செதிலையும் செவிக்கல்லையும் எண்ணத் தொடங்கினார்கள். நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. மலபார் மத்தியின் பிடிப்பு ஏன் ஏறி இறங்குகிறது, அதன் வயதை எப்படித் தீர்மானிப்பது என்று சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த டி.டபிள்யூ. தேவநேசன் 1943லேயே எழுதியிருக்கிறார்.

செதில் எடுக்க எளிது, மீனின் விலையும் கெடாது. ஆனால் செதில் உதிர்ந்து புதிதாக முளைத்திருந்தால் பழைய வளையம் இருக்காது. பட்டினி கிடந்தால் உடம்பு செதிலிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும், ஓரம் கரைந்துபோகும். செவிக்கல்லை உடம்பு திரும்ப எடுப்பதில்லை. மீன் வளர்வது நின்றாலும் கல்லின்மேல் மெல்லிய படலம் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதிர்ந்த மீனுக்கு அதுவே கடைசி சாட்சி.

செவிக்கல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஒரு கத்தாழை வாங்குங்கள். குழம்பில் தலையைக் கடிக்கும்போது பல்லில் நறுக்கென்று படும் அந்த வெள்ளைக் கல்தான். எல்லா எலும்பு மீனுக்கும் மூன்று ஜோடிக் கல் உண்டு. மற்ற பல மீன்களில் பெரிய ஜோடியே அரிசி நொய் அளவில் இருக்கும், சூரை மீனில் தேடி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். கத்தாழைக் குடும்பத்தில் அது விரல் நகத்தளவு வளரும். செவுளைப் பிய்த்துவிட்டு மண்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டிருக்கும். கத்தி முனையால் அந்தப் புடைப்பைக் கீறினால் கல் தானாக வெளியே வரும். கழுவி, சவ்வைத் தேய்த்து எடுத்துவிட்டு, காயவைத்துக் காகித உறையில் போடுங்கள். ஃபார்மலினில் போடவே கூடாது, அமிலம் அரித்துவிடும். அதே காரணத்துக்காகப் புளிக்குழம்பில் கொதித்த கல்லையும் நம்ப வேண்டாம். கடைசி வளையம் இருப்பது ஓரத்தில், அமிலம் முதலில் தொடுவதும் ஓரத்தைத்தான்.

பிறகு கல்லின் நடுவே, அதன் கரு இருக்கும் இடத்தில் குறுக்காக உடைக்க வேண்டும். கரு தப்பினால் முதல் வருடமே தப்பிவிடும். உடைந்த முகத்தை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகப் பழுப்பேறும் வரை காட்டுங்கள். மீன் மெதுவாக வளர்ந்த காலத்துப் படலம் கறுத்த கோடாகத் தெரியும், வேகமாக வளர்ந்த காலம் வெளிறிய பட்டையாக. ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விட்டு, பக்கவாட்டில் விளக்கு வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரியேதான், ஆனால் அவ்வளவு நேர்மையாக இருக்காது. ஆய்வுக்கூடத்தில் ரெசினில் பதித்து அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய துண்டாக அறுத்துப் பார்ப்பார்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவார்கள், மீனின் நீளத்தை அவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நீளம் தெரிந்தால் கண் தானாகவே அதற்கேற்ற வளையத்தைக் கண்டுபிடிக்கும்.

இங்கேதான் நம் கடலின் சிக்கல். வடகடலில் குளிர்காலத்தில் மீன் ஏறக்குறைய வளர்வதை நிறுத்திவிடும், வருடத்துக்கு ஒரு கோடு பளிச்சென்று விழும். சென்னைக் கடலில் வெயில் காலத்துக்கும் மார்கழிக்கும் நீரின் வெப்பம் சில டிகிரிதான் மாறும். கோடு விழாமல் போவதில்லை: வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீர் கலப்பது, தீனி கூடிக் குறைவது, சினை போடும் காலத்தில் சக்தியெல்லாம் முட்டைக்குப் போவது என்று பல காரணங்களால் விழும். சில இனத்தில் வருடத்துக்கு ஒன்று, சிலதில் இரண்டு, சிலதில் கணக்கே இல்லை. பத்து கோடு இருக்கிறது என்று எண்ணிவிடலாம். அது பத்து வருடமா ஐந்து வருடமா என்று தனியாக நிரூபிக்க வேண்டும். 1983இல் பீமிஷ், மக்ஃபர்லேன் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, இந்த நிரூபணத்தை எல்லா வயதுக்கும் ஒழுங்காகச் செய்தவர்கள் மிகச் சொற்பம் என்று காட்டினார்கள். அதற்கு முன் வளையம் எண்ணிய பலருக்கு அது கசப்பான கட்டுரை.

நிரூபிக்கும் வழிகளில் எளியது ஓரத்தைக் கவனிப்பது. வருடம் முழுக்க மாதாமாதம் கல் எடுத்து, ஓரத்தில் கறுத்த கோடு எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். வருடத்தில் ஒரே பருவத்தில் விழுந்தால் ஆண்டுக் கோடு, இரண்டு பருவத்தில் விழுந்தால் இரண்டு. இன்னொரு வழி, பிடித்த மீனுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போட்டு, முதுகில் அடையாளக் குச்சி மாட்டித் திரும்ப விடுவது. மருந்து கல்லில் படிந்து புற ஊதா ஒளியில் மஞ்சளாக மின்னும். மறுபடி பிடிபடும்போது மஞ்சள் கோட்டுக்கு வெளியே எத்தனை வளையம் என்று எண்ணிவிடலாம். இந்தியப் பெருங்கடலில் 2005க்குப் பிறகு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சூரை இன மீன்களுக்கு அடையாளம் மாட்டி விட்டார்கள், அதில் ஒரு பங்குக்கு இந்த ஊசியும் போட்டார்கள். மஞ்சள் துடுப்புச் சூரை முதலில் மெதுவாகவும், 65 செ.மீ. சுமாரைத் தாண்டியபின் திடீர் வேகத்திலும் வளர்வது அதில் உறுதியானது. பெர்டலான்ஃபியின் ஒற்றை வளைவுக்கு அது அடங்கவில்லை.

மூன்றாவது வழி அணுகுண்டு. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வானத்தில் வெடித்துப் பார்த்த குண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறி, கடலில் கலந்து, அந்தக் காலத்தில் பிறந்த மீன்களின் செவிக்கல் கருவில் உட்கார்ந்துவிட்டது. கருவில் அந்தக் கார்பன் இல்லையென்றால் மீன் அதற்கு முன் பிறந்தது. 1993இல் நியூசிலாந்து மீன்களில் காலிஷ் இதைச் செய்து காட்டினார். கிரீன்லாந்துச் சுறாவுக்குக் கெட்டி எலும்பே கிடையாது என்பதால், 2016இல் அதன் கண்ணின் லென்ஸில் இதே கார்பனைப் பார்த்தார்கள். மிகப் பெரியதற்கு வந்த கணக்கு 392 வருடம், கூடக் குறைய 120. பிழையே ஒரு மனித ஆயுளைவிட நீளம் என்றாலும், குறைந்த கணக்கில்கூட முதுகெலும்புள்ள பிராணிகளில் அதை மிஞ்ச வேறொன்று தெரியவில்லை. மற்ற பல சுறாக்களிலும் திருக்கையிலும் முதுகெலும்புக் கணுவை அறுத்து வளையம் எண்ணுவார்கள்.

நம் சந்தையின் சின்ன மீன்களுக்கு ஆண்டு வளையம் தேவையே இல்லை. நெத்திலி ஓரிரு வருடத்துக்கு மேல் நிற்காது. அதற்கு நாள் வளையம் இருக்கிறது. 1971இல் பனெல்லா என்பவர் செவிக்கல்லில் ஆண்டுக் கோடுகளுக்கு நடுவே மிக மெல்லிய கோடுகள் இருப்பதையும், அவை நாளுக்கு ஒன்று என்பதையும் காட்டினார். கல்லைப் பொறுமையாகத் தேய்த்து நானூறு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் தெரியும். இருநூறு கோடு இருந்தால், பிடித்த தேதியிலிருந்து இருநூறு நாள் பின்னால் போய் அது பிறந்த வாரத்தையே சொல்லிவிடலாம். மழைக்கு முன்னால் பிறந்த குஞ்சு தப்பியதா, பின்னால் பிறந்தது தப்பியதா என்றெல்லாம் பார்க்க முடியும். வங்கக் கடல் மாதிரி இடத்துக்கு எல்லா வழிகளிலும் இதுதான் எனக்குப் பிடித்தது. கடம்பாவின் தலையிலும் இதுபோல ஒரு கல் உண்டு. அதன் நாள் கோடுகளை எண்ணித்தான் பெரும்பாலான கடம்பாக்கள் ஒரு வருடம் சுமாருக்கே வாழ்கின்றன என்று தெரிந்தது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? வயது தப்பினால் எவ்வளவு பிடிக்கலாம் என்ற கணக்கு தப்பும். ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீனை நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 1980களில் அள்ளினார்கள். சாதாரண மீன்போலச் சீக்கிரம் வளரும் என்று நினைத்திருந்தார்கள். பிறகு செவிக்கல்லின் கதிரியக்கத்தை அளந்தபோது நூறு வயதைத் தாண்டுவது என்றும், சினைக்கு வரவே முப்பது வருடம் சுமார் ஆகும் என்றும் தெரிந்தது. அதற்குள் பல இடங்களில் கூட்டம் சரிந்துவிட்டது. சங்கரா, செப்பிலிக்கு உறவான மீன்களிலும் இந்த ஆபத்து உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் 2016இல் பிடித்த ஒரு கறுப்புச் செப்பிலி இனத்துக்குச் செவிக்கல்படி 81 வயது. அளவைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கொடுவாவுக்கு வருகிறேன். பண்ணையில் நேரம் தவறாமல் தீவனம், எதிரி இல்லை, தண்ணீர் கட்டுப்பாட்டில். ஒரு வருடத்தில் விற்கும் அளவு வந்துவிடும். எண்ணூர் கழிமுகத்திலோ பழவேற்காட்டிலோ திரியும் கொடுவாவுக்கு அந்தக் கணக்கைப் போடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பார்த்திருக்கிறார்கள், ஆற்றில் வெள்ளம் நன்றாக வந்த வருடத்தில் கொடுவா வேகமாகவும், வறண்ட வருடத்தில் மெதுவாகவும் வளர்ந்தது. அதன் செவிக்கல்லில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் அளவைப் பார்த்தால் எத்தனை காலம் நன்னீரில் இருந்தது, எப்போது கடலுக்கு இறங்கியது என்பதும் தெரியும், கடல் நீரில் அது அதிகம். இன்னொன்று, கொடுவா ஆணாக முதிர்ந்து பெரிதானபின் பெண்ணாக மாறும். அதனால் ஆணும் பெண்ணும் வேறு வேறு வேகத்தில் வளர்கின்றனவா என்று கூடையில் அளந்து ஒப்பிட்டால் விடை தப்பாகவே வரும். பெண்ணெல்லாம் பெரியதாகத்தான் இருக்கும், வயது கூடியதால்.

அடுத்த முறை வஞ்சிரம் வாங்கினால் வால் கவை வரை அளந்து, ஆணா பெண்ணா என்று குறித்து, தலையை வெட்டுபவரிடமே விட்டுவிடாமல் வாங்கி வையுங்கள். வஞ்சிரத்தின் செவிக்கல் மெலிசாக, ஒரு செ.மீ. சுமாருக்கு இருக்கும், எடுக்கும்போது உடையும். முதலில் நாலைந்து கத்தாழைத் தலையில் கை பழக்கிக்கொள்ளுங்கள்.